புள்ளி ஒன்று, விண்மீன் இரண்டு



பாலவனத்தம் என்று சொன்னதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வரும் பெயர் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அந்தப் பெருமகன் இந்த ஜமீனுக்கு உரியவர். ஏடு தேடி, ஏடு ஒப்பிட்டு, பாடம் தேர்ந்து நூல்களை அச்சேற்றிய காலம் அது. ஏடு ஒப்பிடுவது என்றால் என்ன? ஆசிரியர் கைப்பட எழுதிய ஓலை எப்போதோ செல்லரித்துப் போயிற்று. இன்று நம் கையில் இருப்பவை படிகள் மட்டுமே. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கைகள், ஒன்றை ஒன்று பாராமல் எழுதிய மூன்று படிகள் ஒரே சொல்லைக் காட்டினால், ஆசிரியர் எழுதிய சொல் அதுவே என்று துணிகிறோம். அந்தத் துணிவு நியாயமானது. இன்று நான் பேச வந்த பொருள் விண்ணில் இருக்கிறது. ஆனால் அதை ஆராயும் வழி இதே வழிதான்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். வானத்தில் சில விண்மீன்கள் இரட்டையாக இருக்கின்றன. அவற்றில் சில, எரிந்து முடிந்த விண்மீன்களின் கருக்கள். அந்தக் கருக்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து, ஒன்றை ஒன்று சில நிமிடங்களில் சுற்றி வருகின்றன. ஆண்டுக் கணக்கும் மாதக் கணக்கும் இங்கே செல்லாது, நிமிடக் கணக்கு! உலகத்தின் எந்தத் தொலைநோக்கியில் பார்த்தாலும் அவை ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரியும். இரண்டாகப் பிரித்துப் பார்த்தவர் எவரும் இல்லை. அப்படியானால் அவை இரண்டு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? கண்டோம் என்ற சொல்லை இங்கே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம் என்பதே என் கட்சி. மூன்று சாட்சிகளை வைத்து அதை நிறுவ முயல்கிறேன்.

இரட்டை விண்மீன் நமக்குப் புதிய செய்தியா? அம்மி மிதித்து அருந்ததியைக் காட்டாத கல்யாணம் நம் ஊரில் எத்தனை? சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கே ஏழு முனிவர் மண்டலம் நிற்கும். அதில் வசிட்டர் என்று நாம் சொல்லும் மீனுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல மங்கலாக நிற்பவள் அருந்ததி. கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே இருவரும் தெரிவார்கள். தொலைநோக்கி வந்த பிறகு வசிட்டரை அதில் பார்த்தார்கள். அவரே இரண்டாகப் பிரிந்தார். அதோடு நின்றதா? 1889இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்டு பிக்கரிங், அந்த இரண்டில் ஒன்றின் ஒளியை நிறமாலையாக விரித்துப் படம் எடுத்தார். நிறமாலையின் குறுக்கே ஓடும் கருங்கோடு ஒரு நாள் ஒற்றையாக இருந்தது. இன்னொரு நாள் இரட்டையாகப் பிளந்திருந்தது. பிறகு மறுபடியும் ஒற்றையானது. எந்தத் தொலைநோக்கியாலும் அன்று பிரிக்க முடியாத இருவர் அந்த ஒரு புள்ளிக்குள் இருந்தார்கள். இருபது நாளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒருவரை ஒருவர் சுற்றி வந்தார்கள். நிறமாலையை வைத்து இப்படிக் கண்டறிந்த முதல் இரட்டை அதுதான். கல்யாணப் பந்தலிலிருந்து நாம் கைகாட்டும் அதே மீன்!

கோடு ஏன் பிளக்கிறது? மதுரைச் சாலையில் பேருந்து ஒன்று ஒலிப்பானை அடித்தபடி நம்மை நோக்கி வரும்போது ஓசை கூர்மையாகக் கேட்கிறது. தாண்டிப் போகும்போது தணிந்து கேட்கிறது. ஒளியும் அப்படியே. நம்மை நோக்கி வரும் விண்மீனின் கோடு நீலப் பக்கம் நகரும். விலகும் விண்மீனின் கோடு சிவப்புப் பக்கம் நகரும். இருவர் சுற்றினால் ஒருவர் வரும்போது மற்றவர் போவார். ஆகவே கோடு பிளக்கும். ஒருவர் மட்டுமே ஒளியுடையவராக இருந்தால், அவருடைய கோடு மட்டும் ஊஞ்சல்போல இப்படியும் அப்படியும் ஆடும். எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகம் தெரியும். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை ஆடுகிறது என்பதிலிருந்து சுற்றுக்காலம் தெரியும். இதுதான் முதல் சாட்சி.

இனி, எரிந்து முடிந்த கருக்கள் என்றேனே, அவற்றுக்கு வருவோம். பாடப்புத்தகம் வெள்ளைக் குள்ளன் என்று சொல்லும். வெண்குறுமீன் என்றும் எழுதுவார்கள். சூரியனைப் போன்ற விண்மீன் தன் எரிபொருளைத் தீர்த்தபின் ஊதிப் பெருத்து, மேலுறையை விண்ணில் உதறிவிட்டு, நடுவில் மிச்சம் வைக்கும் கரு அது. பருமனில் நம் பூமி அளவு. எடையிலோ சூரியனின் பாதி, சில சமயம் முழுச் சூரியன். அந்தப் பொருளை ஒரு கரண்டி அள்ள முடிந்தால் டன் கணக்கில் கனக்கும். இதில் ஒரு விந்தை உண்டு: எடை கூடக் கூட அது பெருக்காது, சுருங்கும். சுருங்கிச் சுருங்கி ஓர் எல்லைக்குப் போனால் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள முடியாது. அந்த எல்லை ஏறத்தாழ 1.4 சூரிய எடை. அதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அந்தக் கணக்கைத் தொடங்கினார். 1935இல் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில், அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த வானியலாளர் எடிங்டன் எழுந்து அதை மறுத்தார். கணக்கு நின்றது, மறுப்பு நிற்கவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. வெண்குறுமீன்களைப் பற்றி எவர் எங்கே பேசினாலும் சந்திரசேகர் எல்லையைச் சொல்லாமல் பேச முடியாது. தமிழர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இத்தகைய கருக்கள் இரண்டு எப்படி இவ்வளவு நெருங்கி வந்தன? இரட்டையாகப் பிறந்த இரு விண்மீன்களில் மூத்தது ஊதும்போது இளையது அந்த ஊதிய உறைக்குள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது. வாயுவுக்குள் உராய்ந்து உராய்ந்து உள்நோக்கி இறங்குகிறது. உராய்ந்த வெப்பத்தில் உறை கழன்று போகிறது. இரண்டும் நெருங்கி நிற்கின்றன. பிறகு இளையது ஊதும் முறை வரும். இப்படி இரண்டு கருக்கள் மிஞ்சுகின்றன. இது வெறும் கதையா? இல்லை, தடயம் இருக்கிறது. சில வெண்குறுமீன்கள் சூரிய எடையில் கால் பங்கே இருக்கின்றன. ஒற்றை விண்மீன் ஒன்று தானாக முதிர்ந்து அவ்வளவு லேசான கருவை விட்டுப்போக வேண்டுமானால், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டு போதாது. ஆகவே யாரோ அதன் உறையை இடையிலேயே பிடுங்கியிருக்க வேண்டும். யார் அந்த யாரோ? பக்கத்தில் இருக்கும் துணைதான். 1995இல் டாம் மார்ஷும் அவருடைய கூட்டாளிகளும் இப்படி எடை குறைந்த சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றின் கோடுகளைக் கவனித்தார்கள். பெரும்பாலானவற்றில் கோடு ஆடியது, துணை இருந்தது. நியாயத்தால் ஊகித்த இடத்தில் கருவி போய்த் தேட, தேடியது கிடைத்தது.

இரண்டாவது சாட்சி மறைப்பு. சூரியனைச் சந்திரன் மறைப்பதைப் போல, இரட்டையில் ஒன்று மற்றொன்றுக்கு முன்னால் வந்தால் மொத்த ஒளி குறையும். 1783இல் ஜான் குட்ரிக் என்ற இளைஞர், அல்கால் என்ற விண்மீன் மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் மங்கித் தெளிவதைக் கணக்கிட்டு, இருண்ட துணை ஒன்று அதைக் குறுக்கிடலாம் என்று சொன்னார். வெண்குறுமீன்களுக்கு வாருங்கள். புனர்பூச நட்சத்திரம் இருக்கும் மிதுன மண்டலத்திலேயே ஜே0651 என்று ஆய்வாளர் சுருக்கி அழைக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாது. 2011இல் வாரன் பிரௌன், முக்ரெமின் கிலிச் குழுவினர் அதன் கோட்டைப் பார்த்தார்கள். நொடிக்கு 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. சுற்றுக்காலம் 12.75 நிமிடம்! இரண்டுக்கும் இடைவெளி, பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதன் ஒளியை நொடிக்கணக்கில் அளந்தபோது மறைப்பும் தெரிந்தது: ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஒரு முறை, ஒரு சுற்றில் இரு முறை, மாறி மாறி ஒன்று மற்றொன்றை மறைத்தது. கோடு சொன்ன காலமும் மறைப்பு சொன்ன காலமும் ஒன்றே. இரண்டு ஏடு, ஒரே பாடம்.

இங்கே ஒரு தடை எழும். எழ வேண்டும். ஒளி மங்கித் தெளிவதற்கு வேறு காரணமே இருக்க முடியாதா? ஒற்றை மீன் தன் அச்சில் சுழலும்போது அதன் ஒரு பக்கம் மட்டும் ஒளி கூடியிருக்கலாமே? இது நல்ல கேள்வி; ஆய்வாளர்களே பல ஆண்டு கேட்ட கேள்வி. பூச நட்சத்திரம் இருக்கும் கடக மண்டலத்தில் எச்எம் கேன்க்ரி என்று ஒன்று உண்டு. அதன் எக்ஸ் கதிர் 5.4 நிமிடத்துக்கு ஒரு முறை துடிக்கிறது. இரட்டையின் சுற்று இது என்றனர் சிலர். ஒற்றையின் சுழற்சி என்றனர் சிலர். ஏறத்தாழ பத்தாண்டு வழக்கு நடந்தது. 2010இல் ஹவாய்த் தீவின் பத்து மீட்டர் கெக் தொலைநோக்கியில் கெய்ஸ் ரூலாஃப்ஸ் குழுவினர் அதன் நிறமாலையை எடுத்தார்கள். கோடு 5.4 நிமிடத்துக்கு ஒரு முறை ஆடியதைக் காட்டிய பிறகே வழக்கு முடிந்தது. துடிப்பு மட்டும் போதவில்லை. வேறு கையில் எழுதிய ஏடு வேண்டியிருந்தது.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூர். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் போகவிருந்தது. அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீன் ஒரு கணம் மங்கித் தெளிந்தது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்தும் பார்த்தார்கள். அங்கே கோளின் இரு பக்கமும் மங்கல்கள் ஒன்றுக்கொன்று ஈடாகப் பதிவாகியிருந்தன. அவை யுரேனஸின் வளையங்கள்! காவலூரில் கண்டது மெய். பொருள் சொன்னது மட்டும் திருந்த வேண்டியிருந்தது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. மங்கலைக் காலத்தோடு சரியாகப் பதிவு செய்தவர்களால்தான் பொருளைத் திருத்தவும் முடிந்தது. பதிவே இல்லாதவனுக்குத் திருத்தம் ஏது?

மூன்றாவது சாட்சிக்கு வருகிறேன். என் நெஞ்சுக்கு நெருக்கமானது இதுதான். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ன சொல்கிறது? கனத்த பொருள்கள் ஒன்றை ஒன்று சுற்றினால் வெளியையே அதிரச் செய்து ஈர்ப்பலைகளை எழுப்பும். அலை ஆற்றலைக் கொண்டு போகும். ஆற்றல் போகப் போக இரண்டும் நெருங்கும். நெருங்கினால் மெதுவாகுமா, வேகமாகுமா? இழந்தவன் தளர்வான் என்றுதான் தோன்றும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. உயரே சுற்றும் செயற்கைக்கோள் மெல்லிய காற்றில் உராய்ந்து ஆற்றலை இழக்கும்போது கீழே இறங்குகிறது. இறங்க இறங்க அதன் வேகம் கூடுகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைகிறது. விழுவதில் கிடைப்பது, உராய்வில் போவதைவிட அதிகம். இரட்டை வெண்குறுமீனுக்கும் இதே கணக்கு. இழக்க இழக்க விரையும். ஆகவே சுற்றுக்காலம் குறைய வேண்டும். குறைகிறதா?

ஜே0651இன் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஏழெட்டுப் பங்கு. இதை எந்தக் கடிகாரம் அளக்கும்? தொலைவில் இருக்கும் மங்கிய புள்ளியில் இதை யார் பார்ப்பார்? பார்க்கலாம், வழி அருப்புக்கோட்டைத் தறியில் இருக்கிறது. ஊடை இழை ஒவ்வொன்றும் முந்தைய இழையைவிட மயிரிழை நெருங்கி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இழையைப் பார்த்து நெசவாளிக்கே தெரியாது. முந்தி நெய்யும் நேரத்தில் அளந்தால் சேலை நீளம் குறைந்திருக்கும். ஏனென்றால் ஒவ்வொரு குறையும் தனக்குப் பின்னால் வரும் இழைகள் அத்தனையையும் முன்னுக்கு இழுக்கிறது. அந்த இரட்டை ஒரு நாளில் 113 முறை சுற்றுகிறது. ஓர் ஆண்டில் 41,000 முறைக்கு மேல். குறை சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்த குறையும் காலத்தின் வர்க்கமாக வளர்கிறது. இரண்டு மடங்கு ஆண்டு காத்திருந்தால் நான்கு மடங்கு வித்தியாசம். ஜே. ஜே. ஹெர்ம்ஸ் குழுவினர் பதின்மூன்று மாதம் திரும்பத் திரும்ப மறைப்பின் நேரத்தைக் குறித்தார்கள். 2012இல் முடிவு வந்தது: மறைப்பு ஆறு நொடி முந்தி வந்திருந்தது. ஆறே நொடி! ஐன்ஸ்டைன் கணக்கிலிருந்து எதிர்பார்த்த அளவோடு அது பொருந்தியது. 1974இல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் கண்ட துடிமீன் இரட்டையில் வானொலி அலையால் தெரியவந்த அதே உண்மை, இங்கே கண்ணுக்குத் தெரியும் ஒளியில், மறைப்பு நேரம் குறித்தே வெளிப்பட்டது.

காலம் குறைவதற்கு ஈர்ப்பலைதான் காரணமா? கடலில் நிலவு எழுப்பும் ஓதம் போல இந்த இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து உருக்குலைக்குமே, அதில் ஆற்றல் போகாதா? போகும். ஜே0651இல் அந்த ஓதத்தால் சுருக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு கூடலாம் என்று கோட்பாடு சொல்கிறது. 2012 அளவீட்டின் துல்லியம் அந்த ஐந்து பங்கைப் பிரித்தறியும் அளவுக்கு இல்லை. தடை சரியே, ஆனால் அது சாட்சியைச் சாய்க்கவில்லை. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அலையின் வேலை என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. மிச்சத்தை அளக்க இன்னும் பல ஆண்டு நேரம் குறிக்க வேண்டும். அவ்வளவே.

பொறுமைக்குக் கிடைத்த பரிசை இன்னொரு மீனிலும் பாருங்கள். சுவாதி நட்சத்திரம் இருக்கும் மண்டலத்தில், 2019இல் கெவின் பர்ஜ் என்ற ஆராய்ச்சி மாணவர் தலைமையில் கலிபோர்னியாவின் பாலோமர் மலை வான்நோட்டப் பதிவுகளிலிருந்து ஓர் இரட்டை வெளிப்பட்டது. சுற்றுக்காலம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு நாளில் 208 சுற்று. இரண்டையும் சனிக்கோளுக்குள் அடக்கிவிடலாம். அதன் காலக் குறைவைப் பிடிக்க அவர்களுக்குக் கைகொடுத்தவை வேறு காரணத்துக்காக முந்தைய ஆண்டுகளில் எடுத்து வைத்த பழைய வானப் பதிவுகள். எடுத்தவர்களுக்கு அந்தப் புள்ளியில் இரட்டை இருப்பது தெரியாது. ஒருவர் காரணம் அறியாமல் காத்து வைத்த ஏட்டை இன்னொருவர் தேடி வந்து படித்திருக்கிறார். ஏட்டுச் சுவடியின் மதிப்பு அறிந்த இந்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கண்மாய் நிரம்புமா? நிரம்பாது. ஆனால் கண்மாயை வெட்டும் மண்வெட்டியின் இரும்பு எங்கிருந்து வந்தது? பிரபஞ்சத்தின் இரும்பில் பெரும்பங்கு, வெண்குறுமீன்கள் வெடித்ததில் பிறந்தது. இரண்டு வெண்குறுமீன்கள் இணைந்து அந்த வெடிப்பு நிகழலாம் என்பது 1984 முதல் பேசப்படும் கருத்து. இதிலும் அவசரப்படக் கூடாது. நான் இதுவரை சொன்ன விரைந்த இரட்டைகளின் மொத்த எடை சந்திரசேகர் எல்லையைத் தொடவில்லை. ஜே0651 இரண்டும் சேர்ந்தே சூரியனின் முக்கால் பங்குதான். எல்லையைத் தாண்டும் கனத்த இரட்டை எங்கே என்று நெடுங்காலம் தேடினார்கள். 2025இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தார் ஒன்றை அறிவித்தார்கள்: நம்மிலிருந்து ஏறத்தாழ 160 ஒளியாண்டுத் தொலைவு, மொத்த எடை 1.56 சூரியன், சுற்றுக்காலம் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அது இணைய ஏறத்தாழ 2,300 கோடி ஆண்டு ஆகும். வெண்குறுமீன் வெடிப்புகளை அளவுகோலாக வைத்துத்தான் பிரபஞ்சம் விரைந்து விரிகிறது என்று 1998இல் இரு குழுக்கள் கண்டன. அளவுகோல் எதனால் ஆனது என்று அறியாமல் அளவை முழுதாக நம்புவது எப்படி? தேடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த வேலையில் நமக்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது. காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. இந்தியாவிலேயே வடித்த கருவி. லடாக்கின் ஹான்லேயில் சந்திரசேகர் பெயர் தாங்கிய இரண்டு மீட்டர் தொலைநோக்கி, பெங்களூருக்குப் பக்கத்து ஹொஸ்கோட்டேயிலிருந்து இயங்குகிறது. அதன் அருகிலேயே 70 சென்டிமீட்டரில் தானியங்கி ஒன்று 2018 முதல் வேலை செய்கிறது. மறைப்பின் நேரம் குறிக்க, எல்லாவற்றிலும் பெரிய ஆடி தேவையில்லை. ஆண்டு தவறாமல் பார்க்கும் கண்ணும், பிசகாத கடிகாரமும், பதிவைப் பாதுகாக்கும் பழக்கமும் வேண்டும். பெரிய கருவி இல்லையே என்று ஏங்குவதைவிட, இருக்கும் கருவியை இருபது ஆண்டு விடாமல் ஒரே புள்ளியில் திருப்புவது மேல் என்பது என் முடிவு.

ஈர்ப்பலையை நேராகவே கேட்கும் காலமும் நெருங்குகிறது. இந்த இரட்டைகள் எழுப்பும் அலை மிக மந்தமானது. நில அதிர்வின் இரைச்சலில் பூமியிலிருந்து அதைக் கேட்க முடியாது. மகாராட்டிரத்தின் ஹிங்கோலியில் அமையவிருக்கும் லைகோ இந்தியா என்ற ஈர்ப்பலை ஆய்வகமும் வேறு வகை அலைக்கானது. ஆகவே ஐரோப்பிய விண்வெளி முகமை மூன்று விண்கலங்களை, ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில், சூரியனைச் சுற்றி மிதக்கவிட 2024 ஜனவரியில் முடிவு எடுத்தது. லிசா என்பது அதன் பெயர். ஏவும் ஆண்டு 2035 என்று திட்டம். கருவி சரியாகக் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க முன்பே தெரிந்த ஒலி வேண்டுமே? அதற்கென்று குறித்து வைத்திருக்கும் பட்டியலில் மிதுனத்து இரட்டையும், கடகத்து இரட்டையும், சுவாதிப் பக்கத்து இரட்டையும் இருக்கின்றன.

மாணவச் செல்வங்களே, 2035இல் உங்களில் பலர் இருபது வயதைத் தாண்டியிருப்பீர்கள். தை மாத இரவில் இந்தக் கரிசல் காட்டில் நின்று உச்சி வானத்தைப் பார்த்தால் புனர்பூசம் தெரியும். அதற்குச் சற்று மேற்கே, கண்ணுக்கு எட்டாத அந்தப் புள்ளியில் அன்றும் மறைப்பு நடந்துகொண்டிருக்கும். 2011இல் குறித்த நேரப்படி எதிர்பார்த்த மறைப்பு, அன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கும்.